ஏணியை வெட்டும் திட்டம்

கடைசி ஆட்டத்தின் கடைசி விநாடியில் பந்து வளையத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வெளியே விழுந்தபோது, டயர்க்கடைக்காரனின் கையில் இருந்த வீல் ஸ்பேனர் டி.வி.க்குள் போய்விட்டது. எறிந்தாய் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டான். கை நழுவிவிட்டது என்பான். நழுவிய ஸ்பேனர் பத்தடி பறந்து கண்ணாடியை நொறுக்குமா என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். பதில் இல்லாமல் அவன் வாயை யாரும் பார்த்ததில்லை.

ஊரின் கூடைப்பந்து அணி கோப்பையைத் தொட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவன் கடையில் மூன்று டி.வி.யும், இரண்டு நாற்காலியும், சலூன்காரரின் முன்பல் ஒன்றும் போயிருக்கின்றன. பல் போனது, வளையத்தில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடித்த ஒரு ரீபவுண்ட் யாருடையது என்ற தகராறில். பல்லைப் பறிகொடுத்த பிறகும் சலூன்காரர் வருவதை நிறுத்தவில்லை. அந்தக் கடைக்கு வருகிறவர்கள் எல்லோருமே அப்படித்தான். அடி வாங்கினாலும் அணியை விட மாட்டார்கள்.

ஒன்பது வருஷமாக அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சீசன் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, டயர் அடுக்குகள்மேல் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வருஷம் கோப்பையைத் தூக்க அணியை எப்படி அமைப்பது என்று ஆளாளுக்கு ஒரு திட்டம் சொல்ல வேண்டும். யாரை வைத்துக்கொள்வது, யாரை விற்பது, அந்த இடத்துக்கு யாரைக் கொண்டுவருவது. அணியை நடத்துகிறவர்களுக்கு இவர்கள் பிறந்ததே தெரியாது. அதைப் பற்றி இவர்களுக்குக் கவலையும் கிடையாது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் குதறுவார்கள். குதறலுக்குத் தப்பிய ஒரே திட்டம், டயர் விலைப் பலகையின் பின்பக்கத்தில் வெள்ளை பெயின்ட்டால் எழுதப்பட்டு அடுத்த சீசன் வரை சுவரில் தொங்கும். தீர்ப்புச் சொல்கிறவர் பஸ் கண்டக்டர், ஏனென்றால் அவர் குரல்தான் பெரிது. விதி ஒன்றுதான்: ஆதாரம் இல்லாமல் யாரையும் அணியிலிருந்து வெட்டக் கூடாது. ஆதாரம் பொய்யென்று தெரிந்தால் பலகை இறங்கிவிடும்.

கடை அவனுடையது, பலகை அவனுடையது, பெயின்ட்டும் அவனுடையது. ஆனால் அந்த ஒன்பது வருஷத்தில் அவன் திட்டம் ஒருமுறைகூடப் பலகை ஏறவில்லை. இது அவனை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருஷம் எழுந்து நின்று முதல் வரியைச் சொன்னான்.

"ஏணியை விக்கணும்."

டயர் அடுக்கு சரிந்துவிடுகிற அளவுக்குக் கூச்சல் எழுந்தது. ஏணி என்பவன் அணியின் சென்டர், வளையத்தடியைக் காக்கிறவன். ஏழடிக்கு மூன்றங்குலம்தான் குறைவு. அவன் கையை உயர்த்தினால் எதிரணிக்கு வளையமே தெரியாது. அது போகட்டும், ஏணி இவன் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

"சொந்த மச்சினனையே விக்கிறியேய்யா, நீயெல்லாம் மனுஷனா?" என்றார் சலூன்காரர்.

"வீடு வேற, அணி வேற. அவனை வித்தா துறைமுக அணியில இருந்து ரெண்டு இளசுங்க வருவானுங்க. ஓட்டமும் உண்டு, தூரத்துல இருந்து எறிஞ்சு மூணு பாயிண்ட் எடுக்கவும் தெரியும். கோப்பை நம்ம வாசலுக்கே வரும்."

"ஆதாரம்?" என்றார் கண்டக்டர். "நல்லா ஆடுறவனை ஏன் வெட்டணும்? ஆதாரம் இல்லன்னா உக்காரு."

அங்கேயே அவன் உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

சீசன் நடுவில் ஒரு நாள், அவன் வீட்டுச் சமையலறைத் தரையில் ஏணி காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். இடது முட்டி தேங்காய் அளவு வீங்கியிருந்தது. அக்கா துணியில் ஐஸைச் சுற்றிக் கொடுக்க, இவன்தான் அதை முட்டியில் பிடித்துக்கொண்டிருந்தான். "வெளிய தெரிஞ்சா என் சோத்துல மண்ணுதான் மாமா" என்றான் ஏணி. "என் வாயில இருந்து வராது மாப்ளே" என்று இவன் சத்தியம் செய்தான்.

இப்போது அந்த வாயைத் திறந்து எல்லாவற்றையும் கொட்டினான். முட்டியை, வீக்கத்தை, ஐஸை, எத்தனை நாள் பிடித்தான் என்பதையும். கண்டக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "செல்லும்" என்றார். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பூரிப்பு கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, அவனே பலகையில் எழுதினான். அடைப்புக்குறிக்குள் 'இடது முட்டி போச்சு' என்றும் எழுதினான். யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள்.

படம் மூன்றே நாளில் அணி அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஏணியின் மூன்று வருஷ ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டிய நேரம். காகிதத்தை மூடி வைத்துவிட்டார்கள். அவனுக்கு வயது முப்பத்தொன்று. வேறு தொழில் தெரியாது. இதை விட்டால் இன்னொரு ஒப்பந்தம் இந்த ஜென்மத்தில் கிடையாது.

நான்காம் நாள் மத்தியானம் ஏணி ஷட்டருக்குக் கீழே குனிந்து கடைக்குள் வந்தான். கண்டக்டரும் சலூன்காரரும் இருந்தார்கள். தங்கள் அணியின் சென்டரே கடைக்கு வந்திருக்கிறான் என்று எழுந்து நின்றார்கள், அப்புறம் பலகை ஞாபகம் வந்து தலையைக் குனிந்துகொண்டார்கள். ஏணி பலகையைப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"மாமா, எங்கூட ஆபீசுக்கு வாங்க. சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்."

"நான் சும்மா சொல்லலையே. ஐஸ் பிடிச்ச கை இது."

"அது ஆறிடுச்சு மாமா. ஊசி, பயிற்சின்னு நாலு மாசம் நாயா அலைஞ்சு ஆற வெச்சிருக்கேன். ஸ்கேன் எடுத்துப் பாருங்கன்னு நானே சொன்னேன். உன் மாமாவே சொல்லிட்டாரு, ஸ்கேன் எதுக்குங்கிறானுங்க. அவனுங்களுக்கு வேற ஆள் கண்ணுல இருக்கு. ஒரு சாக்கு வேணும். நீங்க எடுத்துக் குடுத்துட்டீங்க."

தப்பு செய்துவிட்டோம் என்று டயர்க்கடைக்காரனுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. ஆனால் ஒன்பது வருஷம் கழித்து ஏறிய பலகை தலைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆறிடுச்சுன்னா குதி பாப்போம்" என்றான். "மேல இருக்குற இரும்பைத் தொடு."

ஏணி செருப்பைக் கழற்றினான். ஆயில் படிந்த தரையில் இரண்டே எட்டு வைத்து எம்பினான். உத்தரத்து இரும்பில் உள்ளங்கை அறைந்த சத்தத்தில் துரு பொலபொலவென்று உதிர்ந்தது. இறங்கும்போது வேண்டுமென்றே இடது காலில் மட்டும் இறங்கினான். அப்படியே ஒற்றைக் காலில் நின்றான். அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்குய்யா முட்டி" என்றார் சலூன்காரர்.

கண்டக்டர் பஸ்ஸில் கத்துவதுபோலவே கத்தினார். "ஆதாரம் பொய்! திட்டம் செல்லாது! பலகையை இறக்கு!"

"ஒரு குதி குதிச்சா ஆச்சா? நாப்பது நிமிஷம் ஆடணும்யா!" என்று இவன் கத்தினான். யாரும் காதில் வாங்கவில்லை. ஏணி மேசையில் கிடந்த, பெயின்ட் துடைக்கும் தின்னர் துணியை எடுத்துப் பலகையின் முதல் வரியைத் துடைத்தான். வெள்ளை எழுத்து வழிந்தது.

டயர்க்கடைக்காரன் பாய்ந்தான். டயர் கழற்றும் லீவரை எடுத்து ஏணியின் முதுகில் இறக்கினான். ஏணி திரும்பினான். ஒரே கையால் அவன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, டயர் அடுக்கில் மோதினான். அடுக்கு சரிந்தது. எழுந்தவனின் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. எலும்பு நொறுங்கியது அவன் காதுக்கே கேட்டது. விலக்கப் போன சலூன்காரரின் வாயில் ஏணியின் முழங்கை பட்டு, மிச்சமிருந்த முன்பல்லும் போயிற்று. ஏணி அவன் தலைமுடியைப் பிடித்துப் பஞ்சர் பார்க்கும் தொட்டிக்குள் அமுக்கினான். தினம் நூறு டியூபை அமுக்கிக் குமிழி பார்த்த தொட்டி. இப்போது குமிழி அவனிடமிருந்து வந்தது. தண்ணீர் சிவந்தது. தூக்கினான், மறுபடி அமுக்கினான். மூன்றாவது தடவை ஏணியே கையை எடுத்துவிட்டான். அவ்வளவு பெரிய ஆள், சின்னப் பிள்ளைபோல அழுதான்.

"அக்கா மூஞ்சிக்காக விடுறேன். இல்லன்னா இங்கயே கொன்னிருப்பேன்."

சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பி நடந்தான். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. ஷட்டருக்குக் கீழே போக அவன் குனிந்தான்.

தரையில் கிடந்தவனின் கையில் வீல் ஸ்பேனர் தட்டுப்பட்டது. முட்டிபோட்டு எழுந்தான். பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி. காய்ந்த விறகு முறிகிற சத்தம் வந்தது. ஏணி சரிந்து விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். அவன் கையை விலக்கிவிட்டு, அதே இடத்தில் இன்னொரு அடி அடித்தான். கண்டக்டர் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்தபோது மூன்றாவது அடிக்கு ஓங்கியிருந்தான்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு போலீஸ்காரருக்குப் பக்கத்தில், மூக்கில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். "கை நழுவிடுச்சு சார்" என்று சொல்லிப் பார்த்திருந்தான். போலீஸ்காரர் அதை எழுதிக்கொள்ளக்கூட இல்லை.

அவன் மனைவி தையல் கம்பெனியிலிருந்து அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுக்காமலே ஓடி வந்தாள். டாக்டர் அவளிடம்தான் பேசினார்.

"முன்னாடி அடிபட்டது சுத்தமா ஆறியிருக்கும்மா. அந்த முட்டிக்கு இன்னும் அஞ்சு வருஷம் தாராளமா இருந்திருக்கு. இது புதுசு. ரெண்டு இடத்துல நொறுங்கியிருக்கு. நடக்க வெச்சிரலாம். ஆட்டத்தை மறந்துர வேண்டியதுதான்."

அவள் அழவில்லை. அவன்முன் வந்து நின்றாள்.

"சத்தியமா வேணும்னு செய்யலடி" என்றான். "ஆத்திரத்துல கண்ணு மண்ணு தெரியல. கையில கெடைச்சதை எடுத்தேன், கெடைச்ச எடத்துல அடிச்சேன்."

"எந்தக் காலு?"

அவன் மூக்கிலிருந்த பஞ்சைச் சரிசெய்தான்.

"கேக்குறேன்ல. எந்தக் காலு?"

"இடது."

"அவ்வளவு பெரிய உடம்பு. முதுகு இருந்துது, தோள் இருந்துது, இன்னொரு காலும் இருந்துது. கண்ணு மண்ணு தெரியாத உனக்கு அந்த முட்டி மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்று கூப்பிட்டதில்லை. அவன் வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. போலீஸ்காரர்கூட நோட்டிலிருந்து தலையைத் தூக்கி, என்ன சொல்லப்போகிறான் என்று பார்த்தார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் தம்பி இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.