வயல் என்று எழுதிய தெரு

தலத்தெரு என்ற ஊரின் ஒரு பகுதிக்கு மழைநீர் வடிகால் வடிவமைக்கும் வேலை நஜீபாவிடம் வந்தபோது, அவள் முதலில் அந்தத் தெருக்களை நடந்து பார்த்தாள். முன்பு நெல் விளைந்த இடம். இப்போது நெருக்கமாக மாடிவீடுகள், சிமெண்ட் வாசல்கள், கல் பதித்த சந்துகள். மண்ணைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். பெய்யும் மழையில் பெரும்பங்கு உள்ளே இறங்காமல் ஓடிவரும் என்று கணக்கிட்டு, அதற்கேற்ற அகலத்தில் வடிகாலை வரைந்தாள்.

அவள் வேலை பார்த்த நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் சுந்தரமூர்த்தி வரைபடத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு அகலம்னா தெருவோரத்துல இருக்கிற கல்யாண மண்டபத்து முகப்பை இடிக்கணும். நடக்கிற காரியமா? வயல்னு வச்சுக் கணக்குப் போடும்மா. பாதித் தண்ணி மண்ணுல எறங்கிடும்."

"வயலே இல்லையே சார். எங்க எறங்கும்?"

"பழைய பதிவுல நஞ்சைன்னுதான் இருக்கு. அது போதும்."

நஜீபா கையெழுத்திட மறுத்தாள். அவரே கணக்கை மாற்றி, அவரே கையெழுத்திட்டு நகராட்சிக்கு அனுப்பினார். குறுகிய வடிகாலே கட்டப்பட்டது. அவளை வேறு வேலைக்கு மாற்றினார்கள். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

கார்த்திகையில் ஒரு காலை மழை பிடித்தது. புயல்கூட இல்லை. வடிகால் நிரம்பித் தெருவில் ஏறிய தண்ணீர், தாழ்வான முனையிலிருந்த அஞ்சுகத்தின் வீட்டுக்குள் புகுந்தது. அவள் மீன் விற்கப் போயிருந்தாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அவள் கணவர் சொக்கநாதன் மட்டும் கட்டிலில் கிடந்தார். அஞ்சுகம் தொடையளவுத் தண்ணீரில் ஓடிவந்தபோது அவர் முகத்தை மட்டும் மேலே நிறுத்தத் தவித்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்தார் கதவைக் கழற்றி, அதில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

மறுநாள் ஜனம் தெருவில் திரண்டது. சுந்தரமூர்த்தி, இடம் தெரிந்தவள் என்று நஜீபாவையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

"இது யாருமே எதிர்பார்க்காத மழைங்க. எந்த இன்ஜினியராலயும் கணிச்சிருக்க முடியாது."

நஜீபா இடைமறித்தாள்.

"பொய் சொல்லாதீங்க சார்! வருஷா வருஷம் பெய்யிற மழைதான் இது. இந்தத் தெருவை வயல்னு எழுதித்தான் வாய்க்காலைச் சின்னதா கட்டுனீங்க. எங்க சார் அந்த வயலு? இவங்களுக்குக் காட்டுங்க!"

கூட்டம் கொந்தளித்தது. ஆனால் அஞ்சுகம் அவரை விட்டுவிட்டு நஜீபாவின் முன்னால் வந்து நின்றாள்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. கையெழுத்துப் போட மாட்டேன்னு..."

"போடலன்னா ஆச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? அந்த மனுசன் கத்தக்கூட முடியாம தண்ணியில கெடந்தாரும்மா!"



அன்று மாலையே நஜீபாவுக்கு வேலை போயிற்று. மறுநாள் தெருவாசிகள் நகராட்சி வாசலில் உட்கார்ந்தபோது அவளும் போய் உட்கார்ந்தாள். எந்தக் கூரையின் தண்ணீர் எங்கே வந்து சேருகிறது என்று அதிகாரிகளுக்கு ஒவ்வொன்றாக விளக்கினாள். திரும்ப அளந்தார்கள். தை பிறந்ததும் மண்டப முகப்பு இடிபட்டது, வடிகால் அகலமானது.

சொக்கநாதன் பிழைத்து வீடு திரும்பினார். பார்க்க வந்த நஜீபாவை அஞ்சுகம் உட்காரச் சொல்லவில்லை.

"அந்தாளு இங்க வரணும். இவரு மூஞ்சியப் பார்த்து, நான்தான் பண்ணுனேன்னு சொல்லணும். வர வைப்பியா?"

"வர வைப்போம்க்கா," என்றாள் நஜீபா.