மேலாளரின் கண்ணில் நறுக்கிய வெங்காயம்

குடிநீர் வாரிய மேலாளர் அழத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஆறே முக்காலுக்கு. அதே நேரத்தில், நான்கு தெரு தள்ளி, அவருடைய அலுவலக டைப்பிஸ்ட் சல்சா என்ற மெக்சிகோ தக்காளிப் பச்சடிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. பதினாறு வருடமாக அவள் காத்திருந்த கண்காணிப்பாளர் பதவியை அன்று காலைதான் மேலாளர் தன் மச்சானுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தார். அவள் சண்டைக்குப் போகவில்லை. பழுத்தும் கெட்டியாக இருந்த தக்காளிகளை இரண்டாக வெட்டி, விதையையும் சாற்றையும் விரலால் வழித்தெடுத்துவிட்டுப் பொடியாக அரிந்தாள். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, உப்புத் தூவி அரை மணி நேரம் மூடி வைத்தாள். கடிகாரம் பழுதுபார்க்கும் கணவர் ரொட்டியில் வைத்துத் தின்றுவிட்டு, "என்ன இன்னைக்கு இவ்வளவு காரம்?" என்றார். "ஆபீஸ் அப்படி" என்றாள். அதன்பிறகு வாரத்தில் நான்கு நாள் அந்த வீட்டில் சல்சாதான்.

வாரியத்தின் குறைகேட்புக் கூட்டங்களும் மாலையில்தான் நடந்தன. எட்டு மாதமாகக் குழாயில் காற்றுதான் வருகிறது என்று சத்தம் போட வந்தவர்கள், மேலாளர் தாரைதாரையாகக் கண்ணீர் விடுவதைப் பார்த்து, அவரையே தேற்றிவிட்டு வீடு திரும்பினார்கள். பத்திரிகைகள் படம் போட்டன. 'உருகும் உள்ளம்' என்று ஒரு விருதும் கொடுத்தார்கள். மூன்று வருடத்தில் ஒரு குழாயும் சரியாகவில்லை. கைக்குட்டைகளுக்கு மட்டும் தனிப் பிரிவு திறக்கப்பட்டது.

குட்டு உடைந்தது ஒரு மதியம். சக ஊழியர்கள் ஆசைப்பட்டுக் கேட்டதால் அவள் அலுவலகச் சாப்பாட்டறையிலேயே சல்சா செய்தாள். கத்தி இறங்கும்போதெல்லாம் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் அழுதார். கத்தி நின்றதும் அழுகையும் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலமே அவர் அவள் வீட்டு வாசலில் நின்றார்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அமைச்சர் வர்றார். ஒரு நாலு வெங்காயம் போதும்."

"என் பதவி உயர்வு என்னாச்சு சார்?"

"அது கோப்புல இருக்கும்மா."

"வெங்காயம் கூடையில இருக்கு சார்."

வியாழக்கிழமையே உத்தரவு வந்துவிட்டது. அவள் அதை மூன்று தடவை ஆசையாகப் படித்தாள். நான்காவது தடவைதான் அடியிலிருந்த பொடி எழுத்து கண்ணில் பட்டது: 'இப்பதவி வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடியும்வரை மட்டும்.' கணவரை அனுப்பி ஒரு மூட்டை வெங்காயம் இறக்கச் சொன்னாள்.

"யாருக்கு இவ்வளவு சல்சா?"

"ஊருக்கே."

பதினொரு மணிக்குக் கத்தியை எடுத்தாள். வாரிய அரங்கத்தில் மேலாளர் கண்ணைத் துடைத்தார். அமைச்சர் நெகிழ்ந்து முதுகைத் தட்டிக்கொடுத்தார். பதினொன்றரைக்கு முதல் வரிசை காலைத் தூக்கி வைத்துக்கொண்டது. பன்னிரண்டுக்கு நாற்காலிகள் மிதந்தன. அமைச்சரை ஒரு மேசைமேல் ஏற்றி வெளியே தள்ளிக்கொண்டு போனார்கள். வெள்ளம் படியிறங்கி வாரியத்தின் வறண்ட தொட்டியில் போய் விழுந்தது. ஒரு மணிக்கு ஊரிலிருந்த குழாய்களெல்லாம் இருமி, தும்மி, தண்ணீர் விட்டன.

கூட்டம் முடிந்ததாக அறிவிக்க யாரும் அங்கே இல்லாததால், விதிப்படி அது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. அவளும் கண்காணிப்பாளராகத் தொடர்கிறாள். மச்சான் கைக்குட்டைப் பிரிவில் இருக்கிறார். வாரம் ஒரு மூட்டை நறுக்குவது அவளுடைய அலுவல்களில் ஒன்று. மேலாளர் அலைச்சல் வேண்டாமென்று தொட்டிக்குப் பக்கத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கரிக்கிறது என்று வந்த முதல் மனுவை அவளே வாங்கி முத்திரை குத்தி, 'நின்றுபோனால் தெரிவிக்கவும்' என்று பதில் அனுப்பினாள். அதன்பிறகு மனு வரவில்லை. அந்த ஊரில் இப்போது சல்சாவுக்கு யாரும் உப்புப் போடுவதில்லை; தக்காளியைக் குழாயில் நன்றாகக் கழுவிக்கொள்கிறார்கள்.