குறுக்குக் குச்சிகள்

தொழிற்கூடங்களுக்கு இரும்புக் கூரை போடுவது என் வேலை. ஆடுகிற எதைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும்.

வாரக் கடைசியில் மட்டும் என்னிடம் இருக்கும் மகள், ரப்பர் உருண்டைகளில் குச்சிகளைச் செருகி, பெட்டி போல ஒரு வீடு கட்டியிருந்தாள். “எப்படிப்பா இருக்கு?” என்றாள். விரலால் தொட்டேன். குடிகாரனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டாள் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

அவள் குளிக்கப் போன நேரத்தில், மிச்சமிருந்த நீளக் குச்சிகளை எடுத்து ஆறு பக்கத்திலும் மூலைக்கு மூலை குறுக்கே கொடுத்தேன். ஒவ்வொரு சதுரமும் இரண்டு முக்கோணமாயிற்று. முக்கோணம் யாருக்கும் வளைந்து கொடுக்காது; அந்த விஷயத்தில் அது என் ரகம். மேலே தடிமனான அகராதியை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவளின் முகம் சுண்டிப்போயிற்று.

“ஏம்ப்பா இப்படிப் பண்ணுன?”

“சாயாம இருக்கட்டும்னுதாம்மா.”

“சாயணும்ப்பா! சாஞ்சாத்தான மடங்கும்? மடங்கினாத்தான பையில போகும்?”

வாசலில் அவள் அம்மாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பள்ளிச் சீருடைக்கும் புத்தகங்களுக்கும் நடுவே பையில் இரண்டு விரல் இடம்தான் இருந்தது.

ஆறு குச்சிகளையும் உருவினேன். அவள் உள்ளங்கையால் மெல்லத் தள்ளினாள். வீடு தட்டையாகப் படுத்து, பைக்குள் போனது.

“அங்க போய் நிமித்திடுவேன்ப்பா,” என்றாள். “அங்கயும் இதே வீடுதான்.”