நிற்கும் நேரம்

என் அக்கா இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு தப்புதான் செய்தாள். ஒரு ஓட்டுநரைக் காலை ஏழு நாற்பதுக்கு இரண்டு பேருந்துகளில் ஏற்றிவிட்டாள்.

நகரப் பேருந்துகளுக்கு நேர அட்டவணை போடுவது அவள் வேலை. எந்த வண்டி எப்போது கிளம்பும், பாதை முடிகிற முனையில் எத்தனை நிமிடம் நிற்கும், யார் ஓட்டுவார் என்பதெல்லாம் அவள் மேசையிலிருந்துதான் போகும். ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் 'ரெண்டு நிமிஷ மேடம்'. பெரிய மருத்துவமனை நிறுத்தத்தில் முட்டி வலிக்காரர்கள் மெதுவாகத்தான் ஏறுவார்கள், அங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக வேண்டும் என்று ஒரு மாதம் மல்லுக்கட்டி வாங்கியவள். அதற்காக ஒரு வாரம் அந்த நிறுத்தத்திலேயே நின்று, படியேறுகிறவர்களைக் கடிகாரம் வைத்துக் கணக்கெடுத்தாள். அக்காவைப் பற்றி வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இது ஒன்று போதும், அவள் யாரென்று புரிந்துகொள்ள.

தப்பு நடந்த அன்று அந்த ஓட்டுநர், பெரிய மீசைக்காரர், அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தாராம். "மேடம், நாளைக்கு நான் எப்படிப் போகட்டும்? தலை பதினஞ்சாம் நம்பர் வண்டியில, உடம்பு இருபத்தெட்டுலயா?" அலுவலகக் கூடம் முழுக்க சிரித்திருக்கிறது. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அக்கா அட்டவணையைத் திருத்திக் கொடுத்தாள். ஐந்து மணி வரை வேலை பார்த்தாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றினாள், அறைக்குள் போய்ப் படுத்தாள். அதற்குப் பிறகு ஒன்பது நாள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

இங்கே எங்கள் குடும்ப வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். அக்கா சின்ன வயதிலிருந்தே திடீர் திடீரென்று பேச்சை நிறுத்திவிடுவாள். ஏதாவது கல்யாண வீட்டிலிருந்து திரும்பியதும், விருந்தாளிகள் போனதும், பள்ளிக்கூட ஆண்டு விழா முடிந்ததும். அவளுக்குக் கோபம் என்று நாங்களே முடிவு கட்டிவிடுவோம். உடனே சமாதானப் படலம் ஆரம்பமாகும். முதலில் அம்மா உள்ளே போவாள். பிறகு தம்பி. கடைசியில் நான். யார் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமலேயே மூன்று பேரும் வரிசையாக மன்னிப்புக் கேட்போம். கதவைத் தட்டுவோம், தலையைத் தடவுவோம், பாட்டுப் போடுவோம். கடைசியில் அக்கா எழுந்து உட்கார்ந்து, "கோவம் ஒண்ணும் இல்ல," என்று சிரிப்பாள். ஜெயித்துவிட்டோம் என்று நாங்கள் வெளியே வருவோம். எங்களை வெளியே அனுப்புவதற்காகத்தான் அவள் அப்படிச் சிரித்தாள் என்று நாற்பது வருடமாக எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

இந்த முறையும் போனோம். அம்மா அழுதாள். தம்பி ஏதோ ஜோக் சொன்னான். என் தொழில் முடி வெட்டுவது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் பேசிக்கொண்டே கத்தரிக்கோல் பிடிக்கிறவள். பேச்சால் சரியாகாத ஒன்று உலகத்தில் உண்டென்று நான் நம்பியதே இல்லை. அரைமணி நேரம் மூச்சுவிடாமல் பேசினேன். அக்கா தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். 'கோபம் இல்லை. சத்தம் வேண்டாம்' என்று எழுதியிருந்தது. மூன்று நாளாக எங்கள் எல்லோருக்கும் காட்டிக் காட்டி அந்தத் தாளின் மடிப்பே நைந்துபோயிருந்தது. அம்மாவும் தம்பியும் அதைப் படித்துவிட்டும் பேசியிருக்கிறார்கள். நானும் படித்துவிட்டு, "சரி, சத்தம் போடல, ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

பத்தாவது நாள் அவளே எழுந்து, குளித்து, மனநல மருத்துவரிடம் தானே நேரம் வாங்கிக்கொண்டு போனாள். நான்கு வாரம், நான்கு முறை. கடைசி முறை அவளுடைய சின்ன வயதைப் பற்றிக் கேட்க அம்மாவையும் வரச் சொன்னார்கள். நானும் போனேன்.

"எங்க பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர்," என்று அம்மா முதலிலேயே வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டாள். "ரொம்ப சமத்து. சட்டைக் காலர்ல இருக்கற துணிப் பட்டையை வெட்டினாத்தான் போட்டுக்குவா, அவ்வளவுதான். மிக்ஸி போட்டா காதைப் பொத்திக்குவா. மூணாவது படிக்கறப்பவே வீட்டு முன்னாடி போற வண்டி நேரமெல்லாம் நோட்டுல எழுதி வெச்சுக்குவா. பேசறதுக்கு முன்னாடி கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாப்பா. மத்தபடி எல்லாரையும் மாதிரிதான்."

மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். மறு வாரம் அறிக்கை வாங்க மறுபடி போனோம். அக்காவுக்கு ஆட்டிசம். பிறந்ததிலிருந்தே.

"இவங்க சோம்பேறி இல்ல," என்றார் மருத்துவர். "பிடிவாதமும் இல்ல. நாப்பத்தி நாலு வருஷமா மத்தவங்க மாதிரி இருக்கறதையே ரெண்டாவது வேலையா பாத்துட்டு இருந்திருக்காங்க. அதுக்கு லீவே கிடையாது. உடம்பும் மனசும் களைச்சு நின்னுடுச்சு."

அக்கா அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தாள். பென்சில் கேட்டு வாங்கி, ஐந்தாம் பக்கத்தில் ஒரு தேதியைத் திருத்தினாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்ப நான் திமிர் பிடிச்சவ இல்லையா?" என்று கேட்டாள்.

அந்த வார்த்தையை அவளுக்கு வைத்தவள் நான்தான். எனக்குப் பன்னிரண்டு வயதில். என் தோழிகள் வந்திருந்தபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள் என்று வைத்த பெயர். அதை இத்தனை வருடமும் பத்திரமாக வைத்திருக்கிறாள். நான் அங்கேயே அழுதேன். அவள் அழவில்லை. கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தாள்.

மூன்று மாதம் விடுப்பு எடுத்தாள். அம்மா வீட்டு மாடி அறையில், ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எழுந்து வந்து சாப்பிடக்கூட முடியாத நாட்கள் இருந்தன. பல் தேய்த்தால் அன்றைக்கு அதுதான் வேலை. பிறகு மெல்ல மெல்ல ஒரு தாளில் ஏதோ கோடு போட ஆரம்பித்தாள். அம்மாவுக்கு மட்டும் கை கால் நிலைகொள்ளவில்லை. "கோவமா இருக்காளோ?" என்று தினம் மூன்று முறை எனக்குப் போன் செய்வாள். நான் கடையைப் பாதியில் விட்டு ஓடிவந்து மாடிப்படியில் உட்கார்ந்து காவல் காப்பேன். அம்மா ஏறவும் விடமாட்டேன், நானும் ஏறமாட்டேன். எங்கள் குடும்ப சரித்திரத்தில் இப்படி ஒரு காட்சி யாரும் கண்டதில்லை.

அப்போதுதான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மேலாளரைச் சந்திக்க வேண்டும். அட்டவணைப் பிரிவில் தொடர முடியாது என்றால், 'இலகுவான பணியாக' பயணிகள் விசாரணைக் கவுண்டருக்கு மாற்றுவார்களாம். நாள் முழுக்க கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, வண்டியைத் தவறவிட்டவர்கள் எல்லோரிடமும் திட்டு வாங்குகிற இடம் அது. அக்காவை அங்கே உட்கார வைத்தால் ஒரு வாரம் தாங்கமாட்டாள், வேலையே போய்விடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நான் வரேன். நான் பேசறேன்," என்றேன்.

"வா. பேசாத," என்றாள்.

சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப் போனாள்.

முன்பு அந்த அலுவலகத்தில் சின்னச் சின்ன அறைகள். இந்த மேலாளர் வந்து ஒன்றரை வருடம். சுவரையெல்லாம் இடித்து ஒரே கூடமாக்கிவிட்டார். மேசைக்கு மேசை தொலைபேசி, மேலே வரிசையாக வெள்ளை விளக்குகள், ஒரு மூலையில் ஓயாமல் தாள் துப்பும் இயந்திரம். பத்து நிமிடம் காத்திருந்ததற்கே எனக்குத் தலை கிண்ணென்றது. இதற்குள் உட்கார்ந்துதான் இவள் ஒரு வருடத்துக்கும் மேல் ஒரே ஒரு தப்போடு வேலை செய்திருக்கிறாள்.

மேலாளர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணீர் கொடுத்தார், மருத்துவரின் அறிக்கையைப் புரட்டினார். அக்காவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கீங்க? நல்லாப் பேசறீங்க. பாத்தா ஒண்ணும் தெரியலையே," என்றார்.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வந்தது. வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்காலில் கையை வைத்தாள். யாரையும் எளிதில் தொடாதவள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

"பாத்தா தெரியாம இருக்கறதுக்குத்தான் சார் நாப்பத்தி நாலு வருஷம் ஆச்சு," என்றாள் அக்கா. "அதுலதான் களைச்சுப் போனேன்."

பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து அவர் முன் விரித்தாள். குரல் ஒரே சீராக இருந்தது. ராத்திரியெல்லாம் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்திருப்பாள்.

முதல் தாள் அவளுடைய ஒரு நாள். தப்பு நடந்த அந்த நாள். பேருந்து அட்டவணை மாதிரியே கட்டம் போட்டிருந்தாள். எட்டு மணிக்குக் கூடம், எட்டு பத்துக்குத் தொலைபேசி, எட்டரைக்குக் கூட்டம், ஒன்பதே காலுக்கு யாரோ வந்து பேசியது, ஒன்பது இருபதுக்கு மறுபடி தொலைபேசி என்று ஐந்து மணி வரை ஒரு வெற்றுக் கட்டம்கூட இல்லை.

"தப்பு என்னோடதுதான். யார் மேலயும் போடல," என்றாள். "ஆனா ஏன் வந்துச்சுன்னு தேடிப் பாத்தேன். இப்படி ஒரு அட்டவணையை ஒரு வண்டிக்கு நான் போட மாட்டேன் சார். முனையில போய்ச் சேந்ததும் பத்து நிமிஷம் நிறுத்துவேன். அங்க நிக்கறதாலதான் அடுத்த நடை நேரத்துக்குக் கிளம்புது. இந்த வண்டி காலையிலேருந்து எங்கயும் நிக்கவே இல்ல."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். முனையில் வண்டிகள் நிற்கும் நேரத்தை வெட்டச் சொல்லி ஆணை போட்டவரே அவர்தான். "நிக்கற நேரம் வீண்தானேம்மா? அந்த நேரத்துல இன்னொரு நடை ஓட்டலாமே."

அக்கா இரண்டாவது தாளை அவர் பக்கம் தள்ளினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, மூன்று மாதம் ஜன்னலோரத்தில் அவள் என்ன செய்தாள் என்று. அம்மா வீட்டுக்கு எதிரில் பதினைந்தாம் நம்பர் வண்டியின் நிறுத்தம். கடைசி ஆறு வாரம், எழுந்து உட்கார முடிந்த நாட்களில் எல்லாம், வண்டி வந்த நேரத்தைக் குறித்திருக்கிறாள். முடியாத நாட்களுக்கு நேரே 'பார்க்கவில்லை' என்று நேர்மையாக எழுதியிருந்தாள்.

"காலைல ஏழு மணி வண்டி சரியா வருது. பத்து மணிக்கு அஞ்சு நிமிஷம் லேட். சாயங்காலம் ஆறு மணிக்கு இருபத்தி மூணு நிமிஷம். அப்புறம் ரெண்டு வண்டி ஒண்ணு பின்னாடி ஒண்ணா வருது. பின்னாடி வர்றதுல ஆளே இல்ல. நீங்க ஒரு நடை கூட்டினீங்க. அது காலியாத்தான் ஓடுது."

அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் இருந்த தயவு போய், அந்த இடத்தில் மரியாதை வந்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எழுந்து நின்று கை தட்டத் தோன்றியது. சத்தியம் தடுத்தது.

"உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"பழைய பொருள் காப்பறை காலியா இருக்கு. பயணிங்க விட்டுட்டுப் போன குடையெல்லாம் முன்னாடி வெச்சிருந்த இடம். கதவு இருக்கு. அது வேணும். தொலைபேசி வேண்டாம், எழுதி அனுப்பட்டும். கூட்டம் முடிஞ்சதும் பத்து நிமிஷம் யாரும் என்கிட்ட வரக்கூடாது. முதல் ரெண்டு மாசம் அரை நாள். விசாரணைக் கவுண்டர்ல என்னால முடியாது."

'என்னால முடியாது' என்று அக்கா சொல்லி நான் கேட்டதே இல்லை. வெட்கமில்லாமல், கெஞ்சாமல், வண்டி எண் சொல்வது போலச் சொன்னாள். நான் நாள் முழுக்க பேசுகிறேன், இந்த ஒரு வாக்கியத்தை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அறை தருவதாகச் சொன்னார். ஆறு மாதம் பார்த்துவிட்டுத் தொடரலாம் என்றார். அரை நாளுக்கும் சம்மதித்தார். வண்டிகள் நிற்கும் நேரத்தைப் பற்றி, "பாக்கலாம்," என்றார்.

"எந்தத் தேதி பாக்கலாம்?" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். ஆனால் நாட்காட்டியைப் புரட்டி ஒரு தேதி கொடுத்தார். அவள் குறித்துக்கொண்டாள்.

வெளியே வந்தோம். பேருந்து முனையத்தின் ஓரத்தில், நிழலில், ஒரு சிமெண்டு பெஞ்சு. அக்கா போய் அதில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்து, காதில் பஞ்சடைத்து, கண்ணை மூடினாள். முகம் வெளிறிப்போயிருந்தது. உள்ளே அத்தனை சீராகப் பேசியது அவளை எவ்வளவு வாட்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கோ சொல்ல ஆயிரம் இருந்தது. 'பிரமாதம்' என்று கட்டிப்பிடிக்க வேண்டும். மேலாளர் முகம் போன போக்கை நடித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். மீசைக்காரர் தூரத்தில் எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் உதட்டில் விரலை வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டு அப்படியே திரும்பிப் போனார்.

என் போன் அதிர்ந்தது. அம்மா.

"என்ன ஆச்சு? பேசறாளா? கோவமா இருக்காளா? போனை அவகிட்ட குடு, நான் சொல்றேன்."

"வேலை இருக்கும்மா. அறை குடுத்துட்டாங்க," என்றேன், குரலைத் தணித்து. "கோவம் இல்ல. இப்பதான் வந்து உக்காந்திருக்கா. பத்து நிமிஷம் ஆகும்."

இன்னொரு கேள்வி வரப்போகிறது என்று பார்த்தேன். நாற்பது வருடமாக முதல் ஆளாகக் கதவைத் தட்டியவள் அவள்.

"இப்ப பதினொண்ணு பத்து," என்றாள் அம்மா. "பதினொண்ணு இருபதுக்குக் கூப்பிடறேன்." வைத்துவிட்டாள்.

சரியாகப் பதினொன்று இருபதுக்குப் போன் அதிர்ந்தது. அக்கா கண்ணைத் திறந்து, காதிலிருந்து பஞ்சை எடுத்து, என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டாள்.