பெற்றவளுக்குப் பால்சுறா

பானுப்ரியாவுக்குப் பிரசவ நேரம் நெருங்கியிருந்தது. ஒத்தாசைக்கு அவளுக்கு அம்மா இல்லை. கணவன் கோபால் பக்கத்திலும் வந்து தங்குகிற மாதிரி ஆள் இல்லை. அதனால் அவளுடைய மகள் வித்யா கோடை விடுமுறை முழுவதும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவில் தன் அப்பா கவியரசனோடு இருப்பது என்று முடிவாயிற்று.

கவியரசனும் பானுவும் பிரிந்தவர்கள். பெரிய குற்றம் என்று இருவர் பக்கத்திலும் எதுவும் கிடையாது. பானுவுக்குப் பொன்னேரியில் மருந்துக்கடை வேலை. மகளும் அங்கேயே படிக்கட்டும் என்றாள். அவனும் போய் இருந்து பார்த்தான். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை அடுக்கினான். நாள் முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே நிற்க அவனால் முடியவில்லை. ஏரியில் மீன்பிடிக்கவே திரும்பிவிட்டான். அவனோடு அவள் வரவில்லை. முதலில் வார்த்தை தடித்தது, பிறகு வார்த்தையே இல்லாமல் போயிற்று. கடைசியில் பொன்னேரி கோர்ட்டில் இருவரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்கள். வித்யா அம்மாவோடு இருப்பாள். சனி ஞாயிறுகளில் அப்பாவிடம் வருவாள்.

பிறகு பானு கோபாலைக் கட்டிக்கொண்டாள். கோபால் உள்நாட்டு நெல்வயல் ஊர்க்காரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவனைப் பற்றிக் குறை சொல்ல ஏதாவது அகப்படாதா என்று கவியரசன் வெகுநாள் பார்த்தான். அகப்படவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய குறையாக இருந்தது.

இந்த முறை வித்யா வழக்கமான சின்னப் பையோடு வரவில்லை. துணிமணி, வண்ணப் பென்சில்கள், தலையணை என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்தாள். கவியரசனின் அக்கா காந்தா அடுத்த வீட்டில் இருந்தாள். மீன் வாங்கி விற்கிறவள். வீடு மாறி வந்தவளைப் போல் இருக்கிறாளே என்று அவள் சிரித்தாள். வித்யா சிரிக்கவில்லை.

அந்த நாட்கள் கவியரசனுக்குத் திருவிழா போலக் கழிந்தன. ஏரியில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதற்கு முறை உண்டு. அவன் முறை வந்த நாளெல்லாம் மகளையும் படகில் ஏற்றிக்கொண்டான். அவள் படகின் முனையில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் வற்றி வெளியே தெரிந்த மேடுகளைப் பார்த்து வழி சொல்வாள். நண்டை வலையிலிருந்து கழற்றக் கற்றுக்கொண்டாள். ஒரு தடவை விரலில் கடி வாங்கி, அழாமல் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலையை மட்டும் யாரையும் தொட விடவில்லை. காந்தா எண்ணெயும் சீப்புமாகத் துரத்தினாலும் நழுவி ஓடிவிடுவாள். உப்புக்காற்றில் அவள் முடி தேங்காய் நார் போலச் சிக்குப் பிடித்தது. அம்மா போனில் கூப்பிட்டால் சாப்பிட்டேன், தூங்கினேன் என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனை அவனிடம் நீட்டுவாள்.

குழந்தை பிறந்ததைக் கோபால்தான் போனில் சொன்னான். ஆண் குழந்தை. ஆபரேஷன் செய்ய வேண்டியதாகிவிட்டது, தாயும் பிள்ளையும் நலம் என்றான். கவியரசன் மகளைக் கூப்பிட்டுச் சொன்னான். அவள் "சரி" என்றாள். வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த படத்திலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாள் கோபால் தோணிரேவுக்கே வந்துவிட்டான். தூக்கம் கெட்ட முகம். சட்டையில் பால் கறை. வித்யாவைப் பார்க்கவேண்டும் என்று பானு அழுகிறாள், ஒரு நாள் மட்டும் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றான். வித்யாவைக் காணவில்லை. தேடிப் பார்த்தால், கரையில் இழுத்துப் போட்டிருந்த படகுக்குள் வலைக்குவியலுக்குப் பின்னால் சுருண்டு படுத்திருந்தாள்.

"நான் வர்ல மாமா" என்றாள் படகுக்குள் இருந்தபடியே.

கோபால் கெஞ்சிப் பார்த்தான். தம்பி அவள் ஜாடைதான் என்றான். அவள் இன்னும் சுருண்டுகொண்டாள். கவியரசன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருப்பாள். அவன் சொல்லவில்லை. குழந்தையை வற்புறுத்த வேண்டாமே என்று மட்டும் சொல்லி, கோபாலைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தான். வரும்போது அவன் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. காந்தா அதைக் கவனித்துவிட்டாள்.

"டேய் கவி, புள்ள பெத்தவ அழுவுறாளாம். உனுக்கு இன்னாடா இம்மாஞ் சந்தோஷம்?"

அவனுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் சந்தோஷம் போகவில்லை. இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகளைப் பொன்னேரியில் விட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பி வருகிறவன் அவன். ஒரு தடவையாவது அவள் தன்னைவிட்டுப் போகமாட்டேன் என்று சொன்னாளே என்றிருந்தது.

அன்று பொழுது சாயும் நேரத்தில் படகில் தேங்கிய தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தான். வித்யா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்திலேயே சேர்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். சேர்ந்துகொள்ளேன் என்றான். எப்போதும் இங்கேயே இருக்கலாமா என்றாள். அதற்கும் ஆமாம் என்றான். பிறகு மறுபடி கேட்டாள்.

"நைனா, உனக்கும் வேற பாப்பா பொறந்துட்டா நான் எங்க போறது?"

அவன் கை நின்றுவிட்டது. "எனக்கு எங்கம்மா பாப்பா?"

"அத்தை உனக்குப் பொண்ணு பாக்குறாங்க. எளாவூர்ல ஒருத்தங்க இருக்காங்கன்னு பேசினாங்க. நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். அங்க பாப்பா வந்துடுச்சு. இங்கயும் வந்துட்டா?"

அவள் அழவில்லை. ஊருக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிப்பதுபோலத்தான் கேட்டாள். தன்மேல் உள்ள ஆசையால் போகமாட்டேன் என்கிறாள் என்று கவியரசன் நினைத்திருந்தான். ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே தன் இடம் போய்விட்டது என்று நம்பித்தான் இந்தப் பெண் தலையணையைக்கூடத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அந்தப் பயத்தைத்தான் இத்தனை நாள் தனக்குக் கிடைத்த வெற்றியாகக் கொண்டாடியிருக்கிறோம் என்று அவனுக்கு அப்போது புரிந்தது.

மகளைத் தூக்கிப் படகின் விளிம்பில் தனக்கு நேராக உட்காரவைத்தான்.

"ஒருத்தர் வந்தா ஒருத்தர் எழுந்து போவணும்னு இது இன்னா பஸ் சீட்டா? நாளைக்குப் பொன்னேரி போறோம்."

"என்னைத் துரத்துறியா?"

"துரத்தல கண்ணு. நானும் கூட வரேன். பாத்துட்டு, உனுக்கு இருக்கப் புடிக்கலேன்னா, அப்பவே திரும்ப இட்டுக்கினு வந்துடறேன்."

அவள் மெல்லத் தலையாட்டினாள்.

மறுநாள் விடிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு, கடல் படகுகள் கரையேறும் இடத்துக்குப் போனான். ஏரியில் பால்சுறா கிடைக்காது. கடலுக்குப் போனவர்களிடம்தான் வாங்கவேண்டும். ஏலத்தில் நின்று, குட்டையும் கொழுப்புமாக ஒன்றைப் பார்த்து எடுத்தான். யாருக்கு என்று வித்யா கேட்டாள்.

"உங்கம்மாவுக்கு. புள்ள பெத்தவங்களுக்குப் பால் ஊற இதான் குடுப்பாங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள். தான் பிறந்தபோதும் அம்மா இதைச் சாப்பிட்டார்களா என்றாள். அவன் சொன்னான். அவள் பிறந்த சமயம் கடல் கொந்தளிப்பு. ஒரு படகும் போகவில்லை. பால்சுறா கேட்டுக் கரையோரம் ஊர் ஊராக அலைந்து, கடைசியில் எங்கோ ஒரு வீட்டில் ஐஸில் போட்டு வைத்திருந்ததை வாங்கி வந்தான். பானு அதைச் சாப்பிட்டுக்கொண்டே, ரொம்ப வாடை என்று சிரித்தாள்.

"அப்போ நீங்க சண்டை போடலையா?"

"அப்போ போடல. உன்னையே பாத்துக்கினு இருந்தோம்."

கதவைத் திறந்த கோபால் இவர்களைப் பார்த்ததும் மீன் பையைக் கையில் வாங்கிக்கொண்டான். பிறகு உள்ளே திரும்பி, வித்யா வந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னான். கவியரசன் கூடத்திலேயே நின்றுகொண்டான். வித்யா அறை வாசல்வரை போய் அங்கேயே நின்றாள்.

பானு கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் புடவைத் தூளியில் குழந்தை தூங்கியது. வா என்று அவள் கூப்பிடவில்லை. தம்பியைப் பார் என்றும் சொல்லவில்லை. மகளின் தலையைத்தான் பார்த்தாள்.

"இன்னாடி தலை இது? அந்தச் சீப்பை எடுத்துக்கினு வா. தையல் வலிக்குது, என்னால எழுந்திருக்க முடியல."

வித்யா சீப்பை எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலில் அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பானு நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தாள். கொஞ்ச நேரத்தில் வித்யாவின் தோள் குலுங்கியது. வலிக்கிறதா என்று பானு கேட்டாள். இல்லை என்றாள். பானு குனிந்து மகளின் உச்சந்தலையில் முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே இருந்ததைக் கவியரசன் கூடத்திலிருந்து பார்த்தான். பார்க்கக் கூடாததைப் பார்த்ததுபோல் சமையலறைப் பக்கம் திரும்பிவிட்டான்.

அங்கே கோபால் சுறாவை வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். இதை எப்படிச் சமைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. கவியரசன் சட்டைக்கையை மடித்துக்கொண்டான். சுறாவைத் துண்டு போட்டு மஞ்சளோடு வேகவைத்து, மணல்போல் நெருடும் தோலை உரித்து, பிழிந்து உதிர்த்தான். கோபால் பூண்டு உரித்தான்.

"பூண்டு நெறைய போடணும். மொளகா வேணாம், மொளகு போதும்" என்றான் கவியரசன்.

கோபால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெங்காயம் இன்னும் நறுக்கவில்லை. "வித்யா என்னாண்ட சரியாவே பேசாதுண்ணா. நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றான்.

"நீ இன்னா பண்ணே? அது சின்னப் புள்ள. அதுக்கு ஒரு பயம், அவ்ளோதான்" என்றான் கவியரசன். இதுவரை அவனை நீங்க என்றே பேசிவந்ததும் இப்போது நீ என்றதும் அவனுக்கே பிறகுதான் உறைத்தது.

அதற்குள் உள்ளே குழந்தை வீறிட்டது. பானுவின் இரண்டு கையிலும் மகளின் பாதிப் பின்னல் இருந்தது. தூளியைக் கொஞ்சம் ஆட்டிவிடு என்று அவள் சொன்னது கேட்டது. கவியரசன் எட்டிப் பார்த்தான். வித்யா தலையை அசைக்காமல் காலை மட்டும் நீட்டி, பெருவிரலால் தூளியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அழுகை நிற்கவில்லை. சட்டென்று எழுந்து, பின்னல் தொங்க, தூளிக்குள் குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மாமா சொன்னாங்க, என் ஜாடைன்னு. இல்லவே இல்ல. மூக்கு சப்பையா இருக்கு" என்றாள்.

"நீ பொறந்தப்ப உன் மூக்கும் அப்டித்தான் இருந்துச்சு" என்றாள் பானு.

சுறாப்புட்டு தயாரானதும் கோபால் எல்லாருக்கும் சோறு போட்டான். குடும்பம் நடத்திய காலத்தில் கவியரசனை நீ என்றே பேசியவள் பானு. சாப்பிட்டுப் போங்க என்றாள் இப்போது. அவன் சாப்பிட்டான். கை கழுவிக்கொண்டு மகளிடம் வந்து, கிளம்பலாமா, இருக்கிறாயா என்று கேட்டான். சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே.

வித்யா அவனைத் தெருவரை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நீ தனியா போவியா நைனா?"

"போவேன். போன தடவைலாம் போவலியா?"

"சனிக்கிழமை வரேன். என் தலைகாணி அங்கயே இருக்கட்டும். இங்க அம்மா வேற வாங்கித் தருவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அத்தை பாக்குற அந்தப் பொண்ணு நல்லவங்களா இருந்தா கட்டிக்கோ."

அவன் அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு வேகமாக நடந்தான். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுதான். அந்த அழுகையில் பாரம் இல்லை.

சனிக்கிழமை அவளைக் கோபால் வேனில் கொண்டுவந்து விட்டான். விட்டதும் கிளம்பப் பார்த்தவனைக் காந்தா விடவில்லை; நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். நண்டின் ஓட்டை உடைக்கத் தெரியாமல் அவன் தடுமாறினான். வித்யா அவன் தட்டிலிருந்து எடுத்துக் கடித்து உடைத்து, சதையை மட்டும் அவன் சோற்றில் வைத்தாள். கோபால் ஏரியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். பையனை ஒருநாள் படகில் கூட்டிப்போவீர்களா அண்ணா என்று கேட்டான்.

"மொதல்ல அவன் தலை நிக்கட்டும்" என்றான் கவியரசன்.