கிழக்குப் பாதி எழும்பிய வீடு

கொத்தனார் வீட்டின் கிழக்குப் பாதி ஒரு புதன்கிழமை காலையில் தரையைவிட்டு மூன்று விரற்கடை எழும்பி நின்றது. அன்றைக்குத்தான் சிமெண்டு விலையும் ஏறியிருந்ததால் தெருவில் சிமெண்டைப் பற்றித்தான் பேச்சு; வீட்டைக் கவனித்த ஓரிருவரும் ஈரத்தில் மண் உப்பியிருக்கும் என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். கொத்தனாருக்குத்தான் அது பிடிபடவில்லை. அந்த வீடு இரண்டு முறையாகக் கட்டியது. முதலில் அவருடைய அக்கா தையல் மெஷினை மிதித்து மிதித்து மேற்குப் பாதியை எழுப்பினாள். அவருக்குக் கல்யாணமான வருடம் கிழக்குப் பாதியை அவரே ஒட்டிக் கட்டி நடுவில் ஒரு கதவு வைத்தார். ஒட்டிக் கட்டினால் புதுப் பாதி கொஞ்சம் இறங்கும், சேருமிடத்தில் ஒரு கீறல் விழும், பூசிவிட்டால் சரியாகிவிடும். இருபத்தைந்து வருடத் தொழிலில் இறங்கின சுவர்களை எத்தனையோ பார்த்திருக்கிறார். ஏறின சுவரைப் பார்த்ததில்லை. ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். மயிரிழைகூடச் சாயாமல், பிடித்துத் தூக்கி வைத்தது போல நேராக மேலே வந்திருந்தது. ரசமட்டத்தின் மேல் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினார். புதியதும் அதையேதான் சொன்னது.

அந்த வீட்டில் அழுக்கு என்றால் என்ன என்பதைப் பற்றிப் பதினொரு வருடமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. மனைவி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ரத்தமும் சீழும் பட்ட விரிப்புகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவள், வீட்டிலாவது கண்ணில் எதுவும் படக் கூடாது என்று நினைத்தாள். காலையில் பெருக்கித் துடைப்பாள், சாயங்காலம் வந்து மறுபடி பெருக்கித் துடைப்பாள். கொத்தனார் சாப்பிட்டு எழுந்திருப்பதற்குள் அவர் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி ஈரத்துணி வந்துவிடும். மேற்குப் பாதியில் தையல் மெஷினைச் சுற்றிக் கணுக்கால் உயரத்துக்குத் துணி வெட்டல்களும் நூல் துணுக்குகளும் கிடக்கும். அதை அழுக்கு என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். நூல் தொழில், அது எப்படி அழுக்காகும் என்பாள். அவளைப் பொறுத்தவரை அழுக்கு என்பது ஒரே துணியால் வீடு முழுக்கத் துடைப்பது. "அந்த மூலையில இருக்கறதை இந்த மூலைக்குக் கொண்டுவந்து பூசறா. இதுக்குப் பேரு சுத்தமாடா?" என்று தம்பியிடம் கேட்பாள். துணியால் துடைத்த டம்ளரில் அக்கா தண்ணீர் குடிக்க மாட்டாள். கழுவிக் கவிழ்த்து, தானாகக் காய்ந்தால்தான் குடிப்பாள். துடைக்காத டம்ளரை மனைவி தொட மாட்டாள். சமையலறை கிழக்கிலும் குளியலறை மேற்கிலும் இருந்தபடியால் இரண்டு பேரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த நடுக்கதவைத் தாண்டியாக வேண்டும், தாண்டும்போதெல்லாம் இரண்டு முகமும் ஒரே மாதிரி சுளிக்கும். கொத்தனார் இரண்டு பேரிடமும் ஆமாம் ஆமாம் என்று சொல்லியே காலத்தை ஓட்டிவந்தார்.

அந்த வருடத்துக்குள் கிழக்குப் பாதி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயை எடுத்துவிட்டு ரப்பர் குழாய் மாட்டினார்கள், மின்சாரக் கம்பியைக் கொஞ்சம் தளர்த்திவிட்டார்கள், நடுக்கதவுக்குக் கீழே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி இறங்கினார்கள். வீட்டு வரி போட வந்தவர் இது தரை வீடா மாடி வீடா என்று கேட்டு, படிவத்தில் அதற்கு இடமில்லாததால் குடையை மறந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கொத்தனார் சுவர் ஓரமாகப் பள்ளம் தோண்டிக் கையை விட்டுப் பார்த்தார். அடியில் ஒன்றுமில்லை, சில்லென்று காற்று வந்தது. அந்த இடைவெளியில் செங்கல்லும் ஜல்லியும் போட்டு இறுக்கினார். மறுநாள் வீடு ஜல்லிக்கு மேலே மூன்று விரற்கடை தள்ளி நின்றது. பாரம் போதவில்லை போல என்று மொட்டைமாடியில் நாற்பது மூட்டை மணலை ஏற்றி வைத்தார். மனைவி மாடிக்குப் போய் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்து அடுக்கிவிட்டு வந்தாள், அன்று சாயங்காலமே இன்னும் ஒரு சாண் ஏறிவிட்டது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அவர் வாசலில் நின்றார். மனைவிக்கு இதில் எந்த வருத்தமும் இல்லை. "நல்லதுதானேங்க, தெருத் தூசி உள்ள வராது," என்றாள். "என் பக்கம் ஒழுங்கா நிக்குது. உன் பக்கத்தைப் பாத்துக்கோ," என்றாள் அக்கா.

வீடு எழும்புவது கொத்தனாருக்குப் பெரிய கவலை இல்லை. அதில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் கவலை. இப்படியே போனால் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது மனைவி கைக்கு எட்டாத உயரத்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருப்பாள் என்ற எண்ணம் சுவரில் சாந்து வீசும்போதெல்லாம் வந்தது. பயந்தார். யாரிடமும் சொல்லத் தெரியாமல் பயந்தார்.

விஷயம் புரிந்தது மனைவி ஊரில் இல்லாத ஒரு மாதத்தில்தான். அவளுடைய தங்கைக்குப் பிரசவம் என்று போயிருந்தாள். முதல் வாரம் கொத்தனார் ஒருநாள்கூடப் பெருக்கவில்லை. வேலைக் களைப்பு என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டார். கிழக்குப் பாதி நான்கு விரற்கடை இறங்கியது. இரண்டாவது வாரம் இன்னும் இறங்கியது. கடைசி வாரத்தில் கட்டிலுக்கு அடியில் தூசி சுருண்டு சுருண்டு உருள, வீடு தரையில் வந்து உட்கார்ந்தது, மரப்பெட்டி தேவையில்லாமல் போயிற்று. மனைவி திரும்பி வந்தாள். பையைக் கீழே வைக்கவில்லை, வைக்க இடம் சுத்தமாக இல்லை என்று ஆணியில் மாட்டினாள், துடைப்பத்தை எடுத்தாள். அவள் முதல் அறையைக் கூட்டி முடித்தபோது கொத்தனாரின் காலுக்கடியில் தரை மெதுவாக மேலே போயிற்று. நாற்பது மூட்டைக்கு அசையாதது ஒரு முறம் குப்பைக்கு அசைந்தது.

கொத்தனார் அன்று முதல் வீட்டுக்கு மணல் கடத்தத் தொடங்கினார். பூச்சு வேலைக்கு இரண்டு தடவை சலித்த மணல், விரலுக்கிடையில் நிற்காத பொடி. சட்டைப்பையில் ஒரு கைப்பிடி, வேட்டி மடிப்பில் ஒரு கைப்பிடி. கட்டில் காலுக்குப் பின்னால், அலமாரி மேலே, கதவு இடுக்கில் என்று இடம் மாற்றி மாற்றித் தூவினார். எத்தனை கைப்பிடிக்கு எத்தனை விரற்கடை இறங்கும் என்பது ஒரு வாரத்தில் கைப்பழக்கமாகிவிட்டது. வீடு முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. தன் தொழிலில் இவ்வளவு நுணுக்கமான மட்டத்தை இதுவரை பிடித்ததில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மனைவிக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. துடைத்துவிட்டுத் திரும்பினால் துடைத்த இடத்திலேயே மணல். ஜன்னலைச் சாத்தினாள், கதவு இடுக்கில் துணி அடைத்தாள். தன் தலையிலிருந்து உதிர்கிறதோ என்று வெள்ளை விரிப்பை விரித்துக் குனிந்து கூந்தலை உதறிப் பார்த்தாள். ஒரு நாளைக்கு நான்கு தடவை துடைத்தாள், கை புண்ணாயிற்று. கடைசியில், பதினொரு வருடத்தில் முதல் தடவையாக, அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். அவள் கண்ணுக்கு அது ஆஸ்பத்திரிபோல இருந்தது. "எங்கம்மா மணல்? பளபளன்னு இருக்கே," என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி முறத்தில் அள்ளிய மணலைக் கொண்டுவந்து கொத்தனார் முன்னால் வைத்தாள்.

"இது உங்களுக்குத் தெரியுதாங்க?"

"எது?" என்றார் கொத்தனார். சொன்ன மறுகணம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

"அப்ப உங்களுக்கும் தெரியல." அவள் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணிக்கும் தெரியல. எனக்குத்தான் ஏதோ ஆகிடுச்சு. இப்படி இருந்துக்கிட்டு ஆஸ்பத்திரி துணிக்கு நான் எப்படிப் பொறுப்பு சொல்றது? நாளைக்குப் போய் வேலையை விட்டுடறேன்னு சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் அவள் செருப்பு மாட்டும்போது கொத்தனார் தன் சட்டைப்பையிலிருந்த மணலை எடுத்து, அப்போதுதான் துடைத்த மேசையின் மேல் கொட்டினார். அவள் மணலைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சொன்னா நீ பெருக்கறதை விட்டுடுவியோன்னு ஒரு பயம். விட மாட்டியோன்னு ஒரு பயம். எது பெரிய பயம்னு எனக்கே தெரியலம்மா. நீ எட்டாத உயரத்துக்குப் போயிடக் கூடாதுன்னுதான்..."

"ரெண்டு மாசம். ரெண்டு மாசமா என் கண்ணையே சந்தேகப்பட்டேன், உங்களைச் சந்தேகப்படல," என்றாள் மனைவி. பிறகு அவள் பேசவில்லை.

அன்று அவள் வேலையை விடவும் இல்லை, வேலைக்குப் போகவும் இல்லை. கட்டிலை நகர்த்தி, அலமாரியை இழுத்து, ஒரு பருக்கை மணல் விடாமல் எடுத்தாள். மத்தியானத்துக்குள் வீடு இடுப்பளவு, சாயங்காலத்துக்குள் ஆள் உயரம். கொத்தனார் கீழே அக்கா வீட்டில் வெட்டல் துணிகளுக்கு நடுவே படுத்தார். மனைவி ஏணி வைத்து இறங்கி வேலைக்குப் போய்வந்து, ஏறிக்கொண்டு ஏணியை மேலே இழுத்துக்கொள்வாள். சமையலறை மேலே இருந்ததால் வேளாவேளைக்குச் சாப்பாட்டுத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவாள். கோபத்திலும் தட்டைத் துடைத்தே இறக்குவாள். அக்கா சாப்பாட்டைத் தன் தட்டுக்கு மாற்றிக்கொண்டு, அந்தத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கொத்தனாருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேலே பார்த்துக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் என்ன சொல்வது, இறங்கி வா என்பதா, இறக்கு என்பதா என்று ஒன்றும் புரியாமல் முற்றத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"படி கட்டுடா. கொத்தன்தானே நீ," என்றாள் அக்கா.

"எவ்வளவு உயரத்துக்குக்கா கட்டறது? அது நாளுக்கு ஒரு உயரத்துல நிக்குது."

"உன்னால முடிஞ்ச உயரத்துக்குக் கட்டு. மிச்சம் அவ பாடு."

ஐந்து படி கட்டினார். அதற்கு மேல் கட்டவில்லை. ஏறி இறங்கும் ஒன்றோடு படியைச் சேர்த்துக் கட்டினால் விரிசல் விழும் என்று தொழில் தெரிந்த யாரும் சொல்வார்கள். ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்றினார். மனைவி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டாம் நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவர் அப்படியே ஏறிக் கடைசிப் படியில் போய் நின்றார். வாசற்படி அவர் நெஞ்சளவில் இருந்தது. மனைவி கதவைத் திறந்தாள். கையில் துடைப்பம்.

"காலைத் தட்டிட்டு வாங்க," என்றாள். பத்தொன்பது நாளில் முதல் வார்த்தை.

கொத்தனார் தட்டினார். வலது காலைத் தட்டினார், இடது காலைத் தட்டினார். விரல் இடுக்கில் மணல் இருந்தது, அதைத் துடைத்தார். குதிகால் வெடிப்பில் சிமெண்டு இருந்தது. அது கல்யாணத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது, கல்லில் தேய்த்தாலும் போகாது. நகத்தால் சுரண்டினார். எவ்வளவு தட்டினால் சரியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்தால் மறுபடி கடத்தல் என்று நினைப்பாளோ, மிச்சம் வைக்காவிட்டால் வீடு இன்னும் ஏறிவிடுமோ என்று குழம்பி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சுரண்டிக்கொண்டே இருந்தார். கண் கலங்கிவிட்டது. மனைவி அந்தக் குதிகாலை வெகு நேரம் பார்த்தாள். பதினொரு வருடத்தில் அவள் வாயிலிருந்து சுத்தத்தைப் பற்றி ஒரு தடவையும் வராத சொல் ஒன்று அப்போது வந்தது.

"போதும்," என்றாள். "வாங்க."

துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுக் கையை நீட்டி அவரைத் தூக்கிவிட்டாள். அவர் நடந்த இடமெல்லாம் வெடிப்பிலிருந்து சாம்பல் நிறத்தில் பொடி உதிர்ந்தது, அவள் அதைப் பார்த்துக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள், வீடு ஐந்தாம் படிக்கு இறங்கி நின்றது.

இப்போது அந்தப் பாதி காலையில் பெருக்கியதும் கொஞ்சம் ஏறும், சாயங்காலம் கொத்தனார் வந்ததும் படிக்கு இறங்கும். தெருவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. மழை நாளில் எல்லோர் காலும் சேறாக இருப்பதால் வீடு தரையோடு தரையாக உட்கார்ந்துவிடும். அன்றைக்கு மட்டும் அக்கா தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு கிழக்குப் பாதிக்குப் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவாள். அவள் போன பிறகு நூல் துணுக்குகளைப் பொறுக்கி எடுக்க மனைவிக்கு ஒரு மணி நேரம் ஆகும்.