நல்லம்மாளின் ஆப்பக்கடை வழக்கு

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே ஒரு கடை வரிசை. அதில் முதல் கடையில் நல்லம்மாள் ஆப்பம் சுட்டு விற்றாள். கடைசிக் கடைக்குக் கிள்ளானிலிருந்து இராஜம்மா என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள். வந்தவள் வெற்றிலை விற்றிருக்கலாம், துணி தைத்திருக்கலாம், சும்மா உட்கார்ந்துகூட இருந்திருக்கலாம். அவளும் ஆப்பச்சட்டியைத்தான் அடுப்பில் ஏற்றினாள்.

அன்று பிடித்தது நல்லம்மாளுக்கு வயிற்றெரிச்சல். இராஜம்மாவின் ஆப்பம் ஓரத்தில் மொறுமொறுவென்றும் நடுவில் பஞ்சுபோலவும் இருக்கிறதாம். இதை ஒருவன் நல்லம்மாள் கடையில் உட்கார்ந்து, அவள் ஆப்பத்தைத் தின்றுகொண்டே சொன்னான். அந்தத் துணிச்சலை என்னவென்பது! அன்று அவனுக்குத் தேங்காய்ப்பால் கிடைக்கவில்லை. இராஜம்மா சிரித்தால் வரிசை முழுக்கக் கேட்டது. தலையில் எந்நேரமும் பூ. புருஷன் எங்கே என்று யாராவது கேட்டால், "வேலைக்குப் போயிருக்காரு, வருவாரு" என்பாள்.

"இவளையும் கட்டுனானே ஒரு ஏமாளி, அவனைப் பார்க்கணும்லா" என்று நல்லம்மாள் தன் புருஷன் கன்னையாவிடம் சொல்லிச் சிரித்தாள். ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் கன்னையா அவ்வளவாகப் பேசுகிற ஆள் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

ஆனால் நல்லம்மாளிடம் ஒரு பிடி இருந்தது. அந்த வரிசைக்குச் சொந்தக்காரர் ராமசுப்பிரமணியன் செட்டியார். அவர் எழுதிக் கொடுத்த குத்தகைப் பத்திரத்தில், கன்னையாவும் அவர் மனைவியும் தவிர வேறு யாருக்கும் அந்த வரிசையில் சமைத்த பண்டம் விற்க உரிமை இல்லை என்று ஒரு வரி உண்டு. அடம்பிடித்து அந்த வரியை வாங்கியவளே அவள்தான். எழுதிய கணக்கப்பிள்ளை, "மனைவி பேரையும் போட்டுடவாம்மா?" என்று கேட்டார். புருஷன் இருக்கும்போது பெண்பிள்ளை பேர் பத்திரத்தில் ஏறினால் அவன் ஆயுசுக்கு ஆகாது என்று அவள் பிறந்த வீட்டில் ஒரு பயம். "பேரு எதுக்கு? மனைவின்னா நான்தானே" என்று சொல்லிவிட்டாள்.

செட்டியாரிடம் போய்ச் சண்டை போட்டாள். வெற்றிலைக் கடை என்று சொல்லித்தான் கேட்டார்கள், அடுப்பு மூட்டுவார்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கையை விரித்தார். அங்கிருந்து நேரே வக்கீல் கார்த்திகேசுவிடம் போனாள். யாழ்ப்பாணத்துக்காரர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பத்திரத்தைப் படித்தார்.

"உமக்கு என்ன வேணும், பிள்ளை? நட்டஈடா?"

"காசு வேணாங்க. இந்த வரிசையில ஆப்பம் விக்கிற உரிமை யாருக்குன்னு ஜட்ஜு வாயால சொல்லணும். அவ காதுல விழணும்."

"அதுக்குச் சட்டத்தில இடம் இருக்கு. ஒப்பந்தத்தின்படி உரிமை ஆருக்கு எண்டு கோர்ட்டை அறிவிக்கச் சொல்லிக் கேக்கலாம். குத்தகை உம்மட புருஷன்ர பேரில இருக்கு. அவரும் கையெழுத்துப் போடவேணும்."

கன்னையா போடமாட்டேன் என்றான். "பொழைக்க வந்த பொம்பள. விட்டுத் தொலையேன்" என்றான். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க வீட்டில் குழம்பில் உப்பில்லை. ஊரார் பெண்பிள்ளைக்காக உருகத் தெரிகிறது, கட்டியவளுக்காக ஒரு கையெழுத்துப் போடத் தெரியவில்லை என்று பாத்திரங்களிடம் சொல்லிச் சொல்லித் தீர்த்தாள். கடைசியில் வக்கீலே வழி சொன்னார். செட்டியாரையும் இராஜம்மாவையும் போலக் கன்னையாவையும் எதிர்த்தரப்பில் சேர்த்துவிடலாம், எல்லாம் சட்ட முறைக்குத்தான். நல்லம்மாளுக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது.

விசாரணை நாளில் அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். வெள்ளைக்கார ஜட்ஜு, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. இராஜம்மா அன்றும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்றோடு இந்தப் பூ வாடும் என்று நல்லம்மாள் நினைத்துக்கொண்டாள்.

கன்னையாவைக் கூண்டில் ஏற்றினார்கள். இராஜம்மாவின் வக்கீல் கேட்டது ஒரே கேள்விதான். "இந்த இராஜம்மா உமக்கு யார்?"

கன்னையா தரையைப் பார்த்தான். துபாஷி மறுபடி கேட்டார்.

"சம்சாரம்" என்றான் கன்னையா.

கிள்ளானில் தண்டவாள வேலைக்குப் போயிருந்தபோது அங்கே கோவிலில் வைத்து முறைப்படி தாலி கட்டியதாகச் சொன்னான். பார்த்த சாட்சிகளும் வந்து சொன்னார்கள். இராஜம்மா தாலியை எடுத்து ரவிக்கைக்கு வெளியே போட்டாள்.

நல்லம்மாள் அந்தத் தாலியையே பார்த்தாள். வயிறு சரியில்லை என்று கன்னையா அவள் ஆப்பத்தைத் தொடாமல் போன காலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்து நின்றன. அதுவரை அவள் பொறாமைப்பட்டதெல்லாம் ஒரு சட்டி ஆப்பத்துக்கு. இப்போது எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அந்தச் சிரிப்பு யாருக்காக, அந்தப் பூவை வாங்கிக் கொடுத்தது யார்? நெஞ்சுக்குள் யாரோ மிளகாய் அரைப்பதுபோல் இருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க. எனக்குக் கேஸ் வேணாம்" என்று கார்த்திகேசுவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்து கேட்டுப் பார்த்தார். மறுதரப்பு ஒத்துக்கொள்ளவில்லை, இவ்வளவு தூரம் வந்த பிறகு தங்களுக்கும் தீர்ப்பு வேண்டும் என்றார்கள்.

"உரிமை ஆருக்கு எண்டு கேட்டாச்சு, பிள்ளை. இனி அவர் சொல்லுவார்" என்றார் கார்த்திகேசு.

ஜட்ஜு நிதானமாகச் சொன்னார். துபாஷி அதை ஊருக்கே கேட்கும்படி தமிழில் சொன்னார். பத்திரத்தில் மனைவி என்றுதான் இருக்கிறது, இன்ன மனைவி என்று இல்லை. இந்துக்களின் வழக்கப்படி இரண்டாவது கல்யாணமும் செல்லும். ஆகவே அந்த வரிசையில் சமைத்த பண்டம் விற்கும் உரிமை நல்லம்மாளுக்கும் இராஜம்மாவுக்கும் சமமாக உண்டு. கன்னையாவையும் இவர்கள் இருவரையும் தவிர வேறு எவருக்கும் இல்லை.

கன்னையா ஊருக்குத் தெரியாமல் பொத்தி வைத்திருந்த சங்கதியைக் கோர்ட்டு முத்திரை குத்தி வெளியே கொண்டுவந்தவள் நல்லம்மாளேதான். வாசலில் செட்டியாரின் ஆள் இராஜம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, இனி தைரியமாகக் கடையை நடத்துங்கள் என்றான். நல்லம்மாளின் காதில் அதுவும் விழுந்தது.

சாயங்காலம் கன்னையா வந்தான். கடைகளை ஒட்டி ஓடும் ஐந்தடிப் பாதையில் அவள் கடை முன்னால் நின்று, வரிசையின் அந்தக் கோடியை ஒரு தரம் பார்த்தான், இவளை ஒரு தரம் பார்த்தான்.

"நல்லம்மா, ராத்திரிக்குச் சாப்பாடு..." என்று இழுத்தான். "இங்கயா, அங்கயா?"

நல்லம்மாள் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். புகை எழும்பிக் கண்ணைக் கரித்தது. அழுவதற்கு அது வசதியாகவே இருந்தது.

"என்னை ஏன் கேக்குறீங்க? கோர்ட்டு இருக்குல்ல, போய்க் கேளுங்க. கேட்டதைச் சொல்லிடுவாங்க. அப்புறம் வேணாம்னு அழுதாலும் விடமாட்டாங்க."